பாராட்டு விழாவுக்கு வராத முப்பிடாதி

தென்காசிக்குத்தானா? நல்லதாப்போச்சி. நானும் அங்கதான். இந்தப் பஸ் ஒவ்வொரு ஊருலயும் நின்னு நின்னுதான் போவும். பேச்சுத்துணை இல்லன்னா உக்காந்து வர முடியாது.

நீங்க வெளியூருன்னு ஏறும்போதே கண்டுபிடிச்சிட்டேன். எப்பிடின்னு கேளுங்க. எங்க ஆனைமடையில எனக்கு ஒரு வணக்கம் வைக்காம பக்கத்து சீட்டுல எவரும் உக்காரமாட்டாவ. பெரிய ஆளுன்னு சொல்லிக்கிடல அண்ணாச்சி. பேரு குத்தாலிங்கம். பதினோராம் வார்டு கவுன்சிலர்.

அதாவது, கவுன்சிலர்னா எங்க வீட்டுல. ஆவுடையம்மா. பெண்கள் வார்டுன்னு ஒதுக்கிட்டாவ, அதனால அவ பேருல நின்னு நான் ஜெயிச்சேன். நோட்டீஸ்ல அவ படம், விழுந்த ஓட்டு என் முகத்துக்கு. அவ பாவம், எருமை உண்டு, அடுப்படி உண்டு, சாயங்காலம் டிவி உண்டுன்னு இருக்கவ. நாலு பேரு முன்னால நின்னு பேசத் தெரியாது. கூட்டத்துல நான் உக்காருவேன். அவ கடைசியில வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவா. எல்லாம் நல்லபடியாத்தான் போய்க்கிட்டு இருந்துது.

போன வருசம் ஒரு ஈ.ஓ. மேடம் மாறுதலாகி வந்தாவ. பேரூராட்சிக்கு ஆபீசர்னா அவியதான். சின்ன வயசு. மொத கூட்டத்துலயே என்னைப் பாத்து, சார் நீங்க யாருன்னு கேட்டாவ. பதினோராம் வார்டுன்னு சொன்னேன். கையில இருந்த தாளைப் பாத்தாவ, என்னைப் பாத்தாவ, அப்ப ஆவுடையம்மாள்ங்கிறது நீங்களான்னு கேட்டாவ. மத்த கவுன்சிலர்மாரு எல்லாம் சிரிச்சிட்டானுவ. வெளிய பெஞ்சு இருக்கு, அங்க உக்காருங்க சார்னுட்டாவ. உக்காந்தேன். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் கிடையாது. நல்ல காத்தோட்டமான பெஞ்சு.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது முப்பிடாதி சங்கதி. நான் யாருக்காக அவ்வளவு பாடுபட்டேனோ, அந்த முப்பிடாதி.

எங்க வார்டுல குப்பை வண்டி ஓட்டுதா. பேட்டரி வண்டி, பச்சைக் கலரு. பேரூராட்சி வேலைதான், ஆனா காண்ட்ராக்ட்டுல. வீட்டுக்காரன் தவறிட்டான், ஒரு மக பத்தாவது படிக்கா. இவ்வளவும் கேட்டுட்டு, ஏதோ வாய் இல்லாத பொம்பளைன்னு நெனச்சிராதீங்க. வாய்னா அப்பிடி ஒரு வாய். காலையில தெருமுக்குல வண்டி திரும்பும்போதே சத்தம் வந்துரும். மக்குறது ஒரு வாளி, மக்காதது ஒரு வாளி. கலந்து குடுத்தா வாங்கமாட்டா. யாருன்னு பாக்கமாட்டா. ஒரு நாளு எங்க வீட்டுக் குப்பையில மீன் முள்ளும் பால் கவரும் கலந்து கிடந்துட்டு. வாளியைத் திருப்பி எங்க வாசப்படியிலயே வச்சிட்டு, கவுன்சிலர் வீட்டுக் குப்பைன்னா அதுவா பிரிஞ்சிக்கிடுமான்னு தெருவே கேக்கும்படி கேட்டா. நான் உள்ள பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தேன். ஆவுடை அடுப்படியில சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டுது. அன்னையிலிருந்து எங்க வீட்டுக் குப்பையை நான்தான் பிரிக்கேன். பயந்துக்கிட்டு இல்ல, ஒரு முன்மாதிரியா இருக்கட்டும்னு.

சரி, குப்பை எடுக்கவ குப்பையோட நின்னா என்ன? நிக்கமாட்டா. அந்த வண்டியில பாட்டுப் போட ஒரு மைக் வச்சிருக்காவ. அதுல இவ, இன்னைக்கு ரேசன்ல பாமாயில் வந்திருக்கு, நாளைக்கு கரண்டு கிடையாது, பிள்ளையளுக்கு சொட்டு மருந்துன்னு சொல்லிக்கிட்டே போவா. தெருவிளக்கு எரியலன்னா வயர்மேனைப் பிடிச்சி இழுத்துட்டு வந்துருவா. நடக்கமாட்டாத கிழடுகளுக்கு ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கிட்டு வந்து குடுப்பா. அதெல்லாம் யாரு செய்யணும்? கவுன்சிலர் செய்யணும். நான் செய்யணும்னு நெனச்சிக்கிட்டு இருக்கும்போதே இவ செஞ்சி முடிச்சிருவா. இது ஒரு தொந்தரவு இல்லையா சொல்லுங்க.

எங்க தெருவுல பலவேசம் அய்யான்னு ஒருத்தர். போஸ்ட்மாஸ்டரா இருந்து ஓய்வு பெத்தவரு. வீட்டம்மா இல்ல, மக மஸ்கட்ல. தனியாத்தான் இருக்காரு. வண்டி வரும் முன்னாலயே ரெண்டு வாளியையும் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாரு. முப்பிடாதிக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா தெருவுலயே சரியா பிரிச்சிக் குடுக்கது அவரு ஒருத்தருதான்.

மழை தொடங்குன சமயம், ஒரு நாள் காலையில அய்யா வாசல்ல ஆளைக் காணும். நானும் அந்த நேரம் டீ குடிச்சிட்டு வாறேன். முப்பிடாதி மணி அடிச்சிக்கிட்டே நிக்கா. மகளைப் பாக்கப் போயிருப்பாரு, நீ அடுத்த வீட்டுக்குப் போன்னு சொன்னேன். செருப்பு வாசல்ல கிடக்கு அண்ணாச்சி, செருப்பு இல்லாமயா மஸ்கட் போவாருன்னு கேட்டா. அவகிட்ட பேச முடியாது. நான் வந்துட்டேன். அவ பின்பக்கம் சுவரு ஏறிக் குதிச்சி உள்ள போயிருக்கா. பாத்ரூம்ல விழுந்து கிடந்திருக்காரு. ஒரு பக்கம் கை கால் வரல, பேச்சு குழறுது.

நூத்தியெட்டுக்குப் போன் போட்டா, வண்டி வேற கேசுக்குப் போயிருக்கு, வரத் தாமதம் ஆவும்னாவ. ஆட்டோ ஒண்ணும் அந்த மழையில இல்ல. இவ என்ன செஞ்சா தெரியுமா? வண்டியில இருந்த குப்பைத் தொட்டியை எல்லாம் நடுரோட்டுல இறக்கிப் போட்டா. அய்யா வீட்டு மெத்தையை விரிச்சா. பக்கத்து வீட்டு ஆளு ரெண்டு பேரைப் பிடிச்சி அவரைத் தூக்கி வச்சா. நேரா அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விட்டுட்டா. அங்க இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா கஷ்டம்னு டாக்டரே சொன்னாராம். இப்ப அய்யா கம்பு ஊணி நடக்காரு.

என் பங்கும் அதுல உண்டு. வண்டி போகும்போது நான்தான் முன்னால நின்ன மாட்டை விரட்டினேன். போட்டோவும் எடுத்து, வார்டு கவுன்சிலர் முயற்சியில் முதியவர் மீட்புன்னு ஊரு குரூப்புல போட்டேன். அதுக்குக் கீழ ஆளாளுக்கு முப்பிடாதி வாழ்கன்னு எழுதிட்டானுவ. எழுதினவன் எல்லாம் மேல இருக்கதைப் படிக்கல போல.

இப்பத்தான் சிக்கல். காண்ட்ராக்ட் எடுத்தவருக்கு ஒரு சூப்பர்வைசர் உண்டு. அவன் வந்து, குப்பை வண்டியில மனுசரை ஏத்தக்கூடாது, அது விதிமீறல், தொட்டி எல்லாம் நெளிஞ்சி போச்சி, பேட்டரியும் போச்சின்னு சொல்லி வண்டிச் சாவியைப் பிடுங்கிட்டான். மாசக் கடைசி வரைக்கும் தெருக் கூட்டட்டும், அடுத்த மாசத்துல இருந்து வேண்டாம்னுட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் முப்பிடாதி எங்க வீட்டுக்கு வந்தா. கேட்டுக்கு வெளியதான் நின்னா. நாங்க வித்தியாசம் எல்லாம் பாக்க ஆளு கிடையாது, அவதான் உள்ள வரமாட்டா. நானும் இதுவரைக்கும் வான்னு சொன்னது இல்ல. சொல்லி அவளுக்குச் சங்கடம் குடுக்கக்கூடாது பாருங்க. எப்பவும் சத்தமா பேசுதவ, அன்னைக்கு மெதுவாத்தான் பேசினா.

"அண்ணாச்சி, அந்தக் காண்ட்ராக்டர்ட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசுங்க. அது போதும்."

நான் யோசிச்சிப் பாத்தேன். ஒரு வார்த்தை எதுக்கு? விழாவே எடுத்துருவோம்னு சொன்னேன். அவளுக்கு ஒண்ணும் விளங்கல. விழா எதுக்கு அண்ணாச்சி, சாவி வந்தாப் போதும்னா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். ஊரே திரண்டு உன்னைப் பாராட்டும், காண்ட்ராக்டரையே சிறப்பு விருந்தினரா மேடையில உக்கார வைப்பேன், அவரு கையாலயே உனக்குச் சால்வை போடச் சொல்லுவேன், மனசு இளகிரும், அதுதான் அரசியல்னு சொன்னேன். அவரு மேல உள்ள மரியாதையும் கெடாது. பொறவு பந்தல், சேர், மைக் செட்டு எல்லாம் அவரே ஏத்துக்கிட்டாரு, அதையும் பாக்கணுமே.

உள்ள இருந்து ஆவுடை வந்து, நேரா போயி அந்த ஆளுகிட்ட கேட்டா என்ன, நான் வேணும்னா வாறேன்னு சொன்னா. உனக்கு இதெல்லாம் புரியாது, நீ பாலைப் பாருன்னு அனுப்பிட்டேன். ஏன்னா அடுத்த தேர்தல்ல எங்க வார்டு பொதுவா மாறும்னு பேசிக்கிடுதாவ. அப்ப நான் என் பேருலயே நிக்கலாம். இந்தச் சமயத்துல ஒரு விழா போட்டா முகம் பதியும். முப்பிடாதிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. நான் எல்லாரையும் சேத்துத்தான் யோசிப்பேன்.

ஃபிளெக்ஸ் அடிச்சேன் பாருங்க, அப்பிடி ஒரு ஃபிளெக்ஸ் ஆனைமடையில யாரும் அடிச்சது இல்ல. மழைத்தண்ணி, சாக்கடை எல்லாம் ஓடுத வாறுகால் உண்டு, அந்தப் பாலத்துக்கு இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் நீளம். நடுவுல நான், கும்பிட்டுக்கிட்டு நிக்கேன். இந்தப் பக்கம் காண்ட்ராக்டர். அந்தப் பக்கம் ஆவுடை, அவ கல்யாண போட்டோவுல இருந்து எடுத்தது. முப்பிடாதி போட்டோ நல்லதா ஒண்ணு கிடைக்கல. அதனால கடைக்காரன் அவ வண்டி படத்தைப் போட்டுட்டான். மூலையிலதான், ஆனா நம்பர் பிளேட் தெளிவா விழுந்திருந்துது. பாத்தவன் எல்லாம், என்ன அண்ணாச்சி, குப்பை வண்டி வாங்கியிருக்கீயளான்னு கேட்டான். பொறாமைல பேசுததுதான்.

விழா ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். பாலத்துக்குப் பக்கத்துல பந்தல். மேடையில சேர் போட்டோம். காண்ட்ராக்டருக்கு ஒண்ணு, ஈ.ஓ. மேடத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஆவுடைக்கும் ஒண்ணு, கவுன்சிலர்னு அவ பேருதானே இருக்கு. முப்பிடாதிக்குப் போடல. அவ நாள் முழுக்க நின்னே பழகுனவ. சால்வை போடுத நேரத்துக்கு மட்டும் மேல வந்தாப் போதும்னு விட்டாச்சி.

ஈ.ஓ. மேடம் வேற கூட்டத்தை முடிச்சிட்டுப் பொறவு வாறேன்னு போன்ல சொல்லிட்டாவ. ஜனம் நல்லா வந்திருந்துது. பலவேசம் அய்யாகூட மக அனுப்புன சக்கர நாற்காலியில வந்திருந்தாரு. வர வேண்டிய ஒரே ஆளு வரல. முப்பிடாதி.

மத்தியானத்துல இருந்தே மேற்க மலையில கறுத்துக்கிட்டு இருந்துது. விழா தொடங்கும் முன்னால ஒரு காத்து அடிச்சி, பொறவு மழை ஒரு கொட்டு கொட்டிட்டு நின்னுட்டு. ஜனம் பந்தலுக்குள்ள ஒடுங்கி நின்னுது, கலையல. சரி, ஆளு வரும் வரைக்கும் நாம பேசுவோம்னு மைக்கைப் பிடிச்சேன். தன்னலமற்ற சேவைன்னு தொடங்கி, நல்லா சூடு பிடிச்சி வாற நேரம். பின்னால ஒரே சலசலப்பு. கீழத்தெருவுல வீட்டுக்குள்ள தண்ணி ஏறுதுன்னு ஒரு பொம்பளை ஓடி வந்தா. பாலத்துக்கு அடியில வாறுகால் அடைச்சிக்கிட்டு, தண்ணி போகாம திரும்பி ஏறுதுன்னா. ஜனம் எழும்புது.

நான் மைக்ல, யாரும் கலைய வேண்டாம், பாராட்டப்பட வேண்டியவர் வந்துகொண்டே இருக்கிறார்னு சொன்னேன். அவ எங்க வர, அவ வாறுகாலுக்குள்ள நிக்கான்னு கூட்டத்துல ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான், மொத்தமும் கிளம்பிட்டு. சக்கர நாற்காலியைக்கூட யாரோ தள்ளிக்கிட்டுப் போயிட்டாவ. ஆவுடை சேரை விட்டு எழும்பினா. அவ கைப்பையை என் கையில குடுத்தா. இறங்கிப் போயிட்டா. கொடியில துணி கிடக்கு, எடுக்கப் போறான்னு நெனச்சேன்.

நான் பேச்சை நிறுத்தல. தொடங்குனதை முடிக்கணும் இல்லையா. மைக் செட்டுக்காரன் இருந்தான், காண்ட்ராக்டர் இருந்தாரு, அவரு போன் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒண்ணு சொல்லுதேன், அன்னைக்குப் பேச்சு நல்லா வந்துது. கேக்கத்தான் ஆளு இல்ல.

பொறவு மைக் செட்டுக்காரன்தான் மெதுவா வந்து, அண்ணாச்சி, அடைச்சிக்கிட்டு இருக்கது உங்க ஃபிளெக்ஸாம்னு காதுல சொன்னான். நான் கையில கைப்பையோட ஓடினேன். காண்ட்ராக்டரும் குடையைப் பிடிச்சிக்கிட்டுப் பின்னாலயே வந்தாரு.

விசயம் என்னன்னா, அடிச்ச காத்துல கம்பு முறிஞ்சி ஃபிளெக்ஸ் வாறுகாலுக்குள்ள விழுந்திருக்கு. தண்ணி அதை இழுத்துட்டுப் போயி பாலத்துக் கண்ணுல சொருகிட்டு. அதுக்குப் பின்னால வந்த குப்பை எல்லாம் அதுமேல அப்பி, ஒரு கதவு சாத்தினது மாதிரி ஆயிட்டு. முப்பிடாதி விழாவுக்குத்தான் கிளம்பி வந்திருக்கா, புதுச்சேலை கட்டிக்கிட்டு. வாற வழியில கீழத்தெருவுல தண்ணியைப் பாத்திருக்கா. அந்தச் சேலையோடயே ஒரு கொக்கிக் கம்பை வாங்கிக்கிட்டு இறங்கிட்டா. தொடைவரைக்கும் தண்ணி. அவகூட கீழத்தெரு பொம்பளைய, ஆம்பளைய, எல்லாரும் வரிசையா நின்னு இழுக்காவ. கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது. மொதல்ல என் நெத்தி வந்துது. பொறவு கண்ணு. மீசைக்கிட்ட வந்து சிக்கிக்கிட்டு, வரமாட்டேங்குது. அப்ப முப்பிடாதி அந்த ஃபிளெக்ஸைப் பாத்துச் சொல்லுதா:

"அண்ணாச்சி, கொஞ்சம் அசையாம இருங்க. இந்தா வெளிய எடுத்துருதோம்."

வீட்டுக்குள்ள தண்ணி ஏறிக் கிடக்கு, பாத்திரம் பண்டம் எல்லாம் மிதக்கு, அந்த ஜனம் சிரிக்கு பாத்துக்கிடுங்க. வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கு. பலவேசம் அய்யா, அவருக்கு இன்னும் வாய் சரியா வரல, அவரும் சிரிக்காரு.

அந்த வரிசையில முப்பிடாதிக்குப் பக்கத்துல ஒருத்தி சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, என் தோள்பட்டையைப் பிடிச்சி இழுத்துக்கிட்டு நிக்கா. ஃபிளெக்ஸ்ல உள்ள தோள்பட்டையை. யாருடான்னு பாத்தா ஆவுடை.

ரெண்டு பேரும் ஒரே மூச்சா ஒரு இழு இழுத்தாவ. பொதக்குன்னு வந்துட்டு. தண்ணி போச்சி பாருங்க, அப்பிடி ஒரு இரைச்சல். கீழத்தெருவுல ஏறுன தண்ணி கண்ணு முன்னால வடியுது.

ஆவுடை கரையேறி எங்கிட்ட வந்தா. பாராட்டப் போறா, இல்லன்னா வையப் போறான்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. என் கையில இருந்த கைப்பையைத் திறந்து போனை எடுத்து ஈ.ஓ. நம்பரைத் தேடினா. போட்டா.

"மேடம், பதினோராம் வார்டு கவுன்சிலர் ஆவுடையம்மா பேசுதேன்."

நான் ஒரு தடவை பின்னால திரும்பிப் பாத்தேன், வேற யாரும் பேசுதாவளான்னு. அவதான். கீழத்தெரு ஜனத்துக்குப் பள்ளிக்கூடத்தைத் திறக்கணும், ராத்திரிக்குச் சாப்பாடு வேணும், வாறுகால் தூர்வார மிஷின் நாளைக்கே வரணும்னு ஒண்ணு ஒண்ணாச் சொன்னா. குரல் நடுங்கத்தான் செஞ்சுது. ஆனா நிறுத்தல. போனை வச்சிட்டு நேரா காண்ட்ராக்டர் குடைக்கு முன்னால போயி நின்னா. காலெல்லாம் சகதி.

"முப்பிடாதி நாளைக்குக் காலையில வண்டி எடுக்கணும். அவ இல்லாம உங்க வண்டி எங்க வார்டுக்குள்ள வராது. நான் சொன்னா இவிய எல்லாரும் என்கூட நிப்பாவ."

காண்ட்ராக்டர் என்னைப் பாத்தாரு. நான் மேகத்தைப் பாத்தேன், தெளிஞ்சிக்கிட்டு வந்துது. சூப்பர்வைசர்ட்ட பேசிப் பாக்கேன்னு இழுத்தாரு. பேசுங்க, நிக்கேன்னா ஆவுடை. அவ பின்னால கீழத்தெரு முழுக்க நிக்கு. பேசினாரு. கொஞ்ச நேரத்துல அந்தப் பய பைக்ல வந்து சாவியை நீட்டினான். முப்பிடாதி கையெல்லாம் சகதி. வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அவ அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஜனம் எல்லாம் கைதட்டுது.

விழா ஒருவழியா நடந்துட்டுன்னு வைங்க. மேடையில நடக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். நான் உடனே ஓடிப் போயி சால்வையை எடுத்துட்டு வந்து போத்தினேன், அது என் கடமை. அவ என்ன செஞ்சா? நனைஞ்சி நடுங்கிக்கிட்டு நின்ன ஒரு பிள்ளைத்தாச்சிக்கு அதைச் சுத்தி விட்டுட்டா. நானே கடைக்குப் போயி ஜரிகை பாத்து எடுத்த சால்வை அண்ணாச்சி.

அடுத்த கூட்டத்துக்கு ஆவுடை தனியாவே கிளம்பினா. நான் வெளிய பெஞ்சில இருந்தேன், சன்னல் திறந்து கிடந்துது. வாறுகாலுக்கு மூடி போடணும், தெருக் கூட்டுதவியளுக்குக் கையுறையும் பூட்ஸும் ஒழுங்கா குடுக்கணும், அவிய கைகால் கழுவ, ஒதுங்க ஒரு ரூம் வேணும்னு கேட்டா. எங்க வீட்டுல உப்புப் போட மறந்துட்டியேன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாதவ, அங்க அப்பிடிப் பேசுதா. குடியரசு தினத்துக்கு நல்லா வேலை செஞ்சவியளுக்குக் கலெக்டர் நற்சான்றிதழ் குடுப்பாவ இல்லையா, அதுக்கு முப்பிடாதி பேரை அனுப்பணும்னும் சொன்னா. ஒருத்தரும் மறுக்கல. வெளிய வந்தவ எங்கிட்ட, சரியாப் பேசினேனான்னு கேட்டா. பரவாயில்லன்னு சொன்னேன். ஊருல கேக்கவியகிட்ட எல்லாம் நான் சொல்லிக் குடுத்துத்தான் பேசினான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒருவகையில உண்மைதான். கிளம்பும்போது பாத்துப் பேசுன்னு சொன்னேனே.

போன வாரம் கட்சிக்காரவிய வீட்டுக்கு வந்தாவ. அடுத்த தேர்தலைப் பத்திப் பேசணும்னாவ. நான் சட்டையை மாத்திக்கிட்டு வந்து உக்காந்தேன். ஆவுடையம்மா இல்லையான்னு கேட்டாவ. வார்டு பொதுவா மாறுனாலும் அவளையே நிறுத்தலாம்னு இருக்காவளாம். நீ முடியாதுன்னுதான சொல்லுவன்னு நான் அவ முகத்தைப் பாத்தேன். அவ, சரி, நிக்கேன்னுட்டா. நான் காப்பி போடப் போனேன். வந்தவியளை வெறும் வாயோட அனுப்ப முடியுமா.

இன்னைக்கு என்ன தேதி? ஜனவரி இருவத்தாறு. கலெக்டர் குடுக்க நற்சான்றிதழ் லிஸ்ட்டுல முப்பிடாதி பேரும் வந்துட்டு, அதுக்குத்தான் போறோம். அன்னா பாருங்க, டிரைவருக்குப் பின் சீட்டுல பச்சைச் சேலை, அது எங்க வீட்டுல. பக்கத்துல சன்னலோரம் இருக்கது முப்பிடாதி. ஊருல இருந்து ஒரு வார்த்தை பேசாம வாறா. இந்த வாய்க்கு என்ன ஆச்சின்னுதான் எனக்கும் தெரியல.

ஒரு நிமிசம் அண்ணாச்சி. ஆவுடை கூப்பிடுதா. என் சீட்டைப் பிடிச்சி வச்சிக்கிடுங்க.

இந்தா, வந்துட்டேன். என்ன விசயம்னு கேளுங்க. முப்பிடாதிதான் விசயம். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலயாம். வாறுகாலுக்குள்ள இறங்கப் பயப்படாதவ, சுவரேறிக் குதிக்கப் பயப்படாதவ, மேடையேறப் பயப்படுதா. நான் வரல, எனக்குப் பதிலா அக்காவே வாங்கிட்டு வரட்டும்னு ஆவுடைட்ட சொல்லியிருக்கா. ஆவுடை எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்கா. கடைசியில என்னைக் கூப்பிட்டு, நீங்கதான் நெறைய மேடை ஏறுனவிய, இவளுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னுட்டா. பாத்தியளா, என்கிட்டதான் வந்தாவ.

நான் சொல்லிக் குடுத்தேன். பேரைச் சொன்னதும் ஓடாத, மெதுவா நட. கலெக்டரு கை குடுத்தா நீயும் கையை நீட்டு, கையைச் சேலையில தொடைக்காத, உன் கை சுத்தமாத்தான் இருக்கு. போட்டோக்காரன் இருக்க பக்கம் பாரு, தரையைப் பாக்காத. யாரு என்ன கேட்டாலும் நம்ம தெருவுல பேசுத மாதிரியே பேசு. சேர் கிடந்தா உக்காரு, யாரும் சொல்லணும்னு நிக்காதன்னு சொன்னேன். கடைசியா சொன்னது எப்பிடி என் வாயில வந்துதுன்னு எனக்கே தெரியல.

அவ கேட்டுக்கிட்டே இருந்தா. நீங்க எங்க நிப்பீய அண்ணாச்சின்னு கேட்டா. முன் வரிசையில உனக்கு நேரா நிக்கேன், பேரைச் சொன்னதும் மொத கைதட்டு என்னோடதுதான்னு சொன்னேன். அப்பத்தான் அவ முகத்துல சிரிப்பு வந்துது. பழைய முப்பிடாதி மாதிரியே சொல்லுதா:

"கைதட்டுனா மட்டும் போதும் அண்ணாச்சி. மைக் பக்கம் போயிராதீங்க."

ஆவுடை சிரிச்சா. கண்டக்டரும் சிரிச்சிட்டான். நானும் சிரிச்சிட்டுத்தான் வந்தேன், என்ன செய்ய.

மைதானத்து ஸ்டாப்பு வந்துட்டு. எறங்கணும். உங்களுக்கு அவசர வேலை ஒண்ணும் இல்லையே? அப்பிடின்னா நீங்களும் வாங்களேன் அண்ணாச்சி. ரொம்பப் பேரு பேரை வாசிப்பாவ, எங்க ஊரு பேரு வரும்போது தட்ட இன்னும் ரெண்டு கை இருந்தா நல்லா இருக்கும்.